புயல் உடைத்த கடலோரப் பாதை ஏன் சீக்கிரம் திறப்பதில்லை?

கடலோரத் தேசியப் பூங்கா ஒன்றில் புயல் அடித்து ஓய்ந்ததும் முதலில் முளைப்பது தடுப்புக் கட்டையும் ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையும்தான். சில வாரங்களில் சாலை சரியாகிவிடும், மின்சாரம் வந்துவிடும், கடைகள் திறந்துவிடும். நடைபாதை மட்டும் அப்படியே கிடக்கும். ஒரு மழைக்காலம் போகும், சில சமயம் இன்னொன்றும் போகும். நாலடி அகலம்கூட இல்லாத மண்பாதைக்கு இத்தனை நாளா என்று ஆட்கள் கேட்பது நியாயம்தான். நாலைந்து பேர், மண்வெட்டி, கடப்பாரை, கொஞ்சம் சரளைக்கல் இருந்தால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும்.

முடித்துவிடலாம்தான், உடைந்த இடத்திலேயே பழையபடியே போடுவதாக இருந்தால். அப்படிப் போட்டது அடுத்த பெரும்புயலில் அதே இடத்தில் உடையும். கடலோரப் பாதையைப் புதுப்பிப்பதில் நாள் பிடிப்பது கட்டும் வேலைக்கு அல்ல, எங்கே கட்டுவது என்ற முடிவுக்கு. அந்த முடிவுக்குள் நிலவியல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பறவைகளின் கூடு கட்டும் காலம் இருக்கிறது, பழங்குடி மக்களின் வரலாறும் இருக்கிறது. இவை தெரிந்தால்தான் ஒரு தாமதம் அவசியமானதா, வெறும் மெத்தனமா என்று நாம் பிரித்துப் பார்க்க முடியும்.

மறுநாளே வேலை தொடங்காததற்கு முதல் காரணம், நிலம் இன்னும் அசைந்துகொண்டிருப்பது. கடலோரச் செங்குத்துச் சரிவை இரண்டு பக்கத்திலிருந்து தண்ணீர் தாக்குகிறது. அலை அடிவாரத்தை அரித்துக் குடைகிறது. மழைநீர் மேலிருந்து இறங்கி மண்ணின் இடுக்குகளை நிரப்பி, மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வலுவைக் குறைக்கிறது. மழை நின்ற உடனே இந்த நீர் வடிந்துவிடாது. அதனால் பெரிய சரிவுகள் புயலன்றே விழ வேண்டும் என்பதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு நாளில், வாரங்கள் கழித்துக்கூட விழும். விளிம்புக்கு இணையாக, பாதையிலிருந்து சற்று உள்ளே, மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா என்றுதான் ஆய்வு செய்பவர்கள் முதலில் தேடுவார்கள். அந்த வெடிப்புக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் நிலம் விழக் காத்திருக்கும் நிலம். அதன் மேல் ஆட்களையும் கற்களையும் ஏற்றக் கூடாது.

அடுத்தது மரங்கள். காற்றில் வேரோடு சாய்ந்த மரம், வேர்த்தட்டோடு பாதையின் மண்ணையும் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். தண்டை அறுத்த கணத்தில் அந்த வேர்த்தட்டு சட்டென்று பழைய குழிக்குள் திரும்பி விழலாம். ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, வளைந்து, இறுகிக் கிடக்கும் மரங்களில் எந்தப் பக்கம் இழுவிசை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று படிக்கத் தெரிந்தவர்தான் ரம்பத்தை வைக்க வேண்டும். கனடாவின் வான்கூவர் தீவில், பசிபிக் ரிம் தேசியப் பூங்காவுக்குள் 75 கிலோமீட்டர் ஓடும் வெஸ்ட் கோஸ்ட் டிரெயிலில், 2006 டிசம்பர் புயல்களுக்குப் பிறகு இதுதான் பெரிய வேலையாக இருந்தது. அந்தப் பாதை வளர்ந்ததே ஒரு விபத்தின் தொடர்ச்சியாக. 1906இல் வலென்சியா என்ற கப்பல் அந்தக் கரையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு, கரையேறித் தப்பியவர்கள் உதவியை எட்டுவதற்கான வழியாக அதை மேம்படுத்தினார்கள். இன்று அதில் நெடிய ஏணிகள், மரப்பாலங்கள், ஆற்றுக்கு மேல் கையால் இழுத்துக் கடக்கும் கம்பித் தொட்டிகள் எல்லாம் உண்டு. குளிர்காலம் முழுவதும் அது மூடியே இருக்கும். அதாவது குளிர்காலப் புயல் உடைத்ததைச் சரிசெய்ய, மே மாதம் திறப்பதற்கு முன்னால் வசந்தத்தில் கிடைக்கும் சில வாரங்கள்தான்.

கடலோரப் பாதை உடைந்தால் எல்லோரும் கடலைத்தான் குற்றம் சொல்வார்கள். என் பார்வையில் பாதி நேரம் குற்றவாளி மேலே இருக்கிறது. இத்தாலியின் சின்க்வே டெர்ரே இதற்குத் தெளிவான சான்று. கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் மலைச்சரிவில், காரை பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்களால் தலைமுறை தலைமுறையாகப் படிக்கட்டு வயல்கள் அமைத்த நிலப்பரப்பு அது; 1999இல் தேசியப் பூங்காவானது. 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் வெர்னாட்சா, மான்டெரோஸ்ஸோ ஊர்களின் தெருக்களைச் சேறும் கல்லும் மூடின, நடைபாதைகள் அறுந்தன. அங்கே சரிந்தது பெரும்பாலும் விவசாயம் கைவிடப்பட்ட படிகள். சுவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தவரை, சரிந்த கல்லை எடுத்து வைத்து, பின்புற வடிகாலைத் தூர்வாரி, தண்ணீரை வழிநடத்தினார்கள். ஆள் போனதும் வடிகால் அடைத்தது, சுவருக்குப் பின்னால் நீர் தேங்கியது, சுவர் வயிறு தள்ளி விழுந்தது. கீழே ஓடிய பாதையை எவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தாலும் அது பிழைத்திருக்காது.

இதனால்தான் பாதை அமைப்பவர்கள் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பாதையில் தண்ணீர் நடக்க ஆரம்பித்தால் மனிதன் நடக்க முடியாது. மலைச்சரிவில் குறுக்காக ஓடும் பாதையின் மேற்பரப்பை வெளிப்பக்கமாக, கடலை நோக்கி, ஏறத்தாழ 5 சதவீதம் சாய்த்து விடுவார்கள். மேலிருந்து வரும் நீர் மெல்லிய படலமாகப் பாதையைக் கடந்து போய்விடும். பாதையின் நீளத்துக்கு ஓடாது. இன்னொரு விதியும் உண்டு. பாதையின் ஏற்றம், அது கடக்கும் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. தாண்டினால் தண்ணீருக்குப் பாதையே மிகச் செங்குத்தான வழியாகிவிடும், அது அங்கேயே இறங்கும். மூன்றாவதாக, நீளமான ஏற்றத்தின் நடுநடுவே சில அடிகளுக்குப் பாதையை இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீரோ அந்தப் பள்ளத்தில் நின்று, பக்கவாட்டில் வெளியேறிவிடும். குறுக்கே கட்டை பதித்து நீரைத் திருப்புவது பழைய முறை. அதில் மண் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், ஆண்டுதோறும் தூர்வாரியே ஆக வேண்டும். புயலில் உடைந்த பாதைகளை நடந்து பார்த்தால், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை மீறிய இடங்களில்தான் பள்ளம் ஆழமாக இருக்கும். காலால் மிதித்து மிதித்துத் தானாக உருவான பழைய பாதைகள் நேரே ஏறும், நேரே இறங்கும். புயல் அவற்றைத்தான் முதலில் ஓடையாக்கும்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம் வருவது கடினமான கேள்வி: அதே இடத்திலா, உள்ளே தள்ளியா, கட்டாமலே விட்டுவிடுவதா?

அதே இடத்தில் நிலைநிறுத்துவதற்கு என்ன விலை என்று காட்ட சின்க்வே டெர்ரேவிலேயே இன்னொரு பாதை இருக்கிறது. ரியோமஜ்ஜோரே, மனரோலா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, கடலுக்கு மேலே பாறையைக் குடைந்து போடப்பட்ட ‘காதல் பாதை’. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 2012 செப்டம்பரில் அங்கே பாறை சரிந்து சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள். முழுப் பாதையும் மறுபடி திறந்தது 2024இல். நடுவில் போன 12 ஆண்டுகளில் பெரும் வேலை நடந்தது பாதையில் அல்ல, அதற்கு மேலே இருந்த பாறைமுகத்தில். தளர்ந்த கற்களை உதிர்த்து, எஃகு வலை போர்த்தி, பாறைக்குள் துளையிட்டு நங்கூரக் கம்பிகள் இறக்க வேண்டியிருந்தது. அங்கே உள்ளே நகர இடமே இல்லை, பாதைதான் அந்த ஊர்களின் அடையாளம், அதனால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. எல்லாப் பாதைக்கும் அது பொருந்தாது.

உள்ளே தள்ளுவதற்குச் சட்டமே வழி செய்து வைத்த இடம் இங்கிலாந்து. கடற்கரை முழுவதும் நடக்க ஒரு தொடர்பாதை அமைப்பதற்காக 2009இல் வந்த கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டத்தில், கரை அரித்துப் பின்வாங்கும்போது பாதையும் கூடவே பின்வாங்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பழைய முறையில், வழியுரிமை என்பது வரைபடத்தில் போட்ட ஒரு கோட்டுக்கு மட்டும் உரியது. அந்தக் கோடு இருந்த நிலம் கடலுக்குள் விழுந்தால் உரிமையும் விழுந்தது. பக்கத்து வயல்காரர் சம்மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் புதிதாக ஆணை, ஆட்சேபணை, விசாரணை என்று நீளும். வேலி நான்கு மீட்டர் தள்ளிப் போட ஒரு நாள் போதும். அந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும். இன்று நாம் பார்க்கும் பல தாமதங்கள் இந்த வகை. கடல் நகர்கிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிய சட்டம் மற்ற நாடுகளுக்கும் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரத் தேசியப் பூங்காவில் 1970இல் திறந்த 299 கிலோமீட்டர் பாதை போகிறது. அதன் வழியில் உள்ள நியூகேல் கடற்கரைக்குப் பின்னால் இயற்கையான கூழாங்கல் மேடு ஒன்று இருக்கிறது. 2014 ஜனவரிப் புயலில் அலை அந்தக் கற்களை அள்ளிப் பின்னால் இருந்த சாலை மேல் கொட்டியது. இயந்திரம் வைத்துக் கற்களைத் திரும்பத் தள்ளிக் குவிக்கலாம். அடுத்த புயல் மறுபடி கொட்டும். கூழாங்கல் மேடு இயல்பாகவே நிலத்தை நோக்கி உருண்டு நகரும் ஒன்று. அதை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது வருடா வருடம் செலவு வைக்கும் வேலை.

மணற்குன்றுகளும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவைத் தாக்கியபோது, அங்குள்ள தேசியப் பூங்காவின் முன்வரிசைக் குன்றுகள் பல இடங்களில் ஒரே இரவில் மீட்டர் கணக்கில் பின்வாங்கின. கடற்கரைக்கு இறங்கும் மரப்படிகள் அந்தரத்தில் தொங்கின. குன்றை மண் கொண்டுவந்து கொட்டி மறுபடி எழுப்பிவிட முடியாது. காற்று மணலைக் கொண்டுவர வேண்டும், மர்ரம் என்ற புல் அதைப் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் புல் புயலைத் தாங்கும், உப்பைத் தாங்கும், மணல் மூடினால் இன்னும் உயரமாக வளரும். மனிதக் காலடியை மட்டும் அது தாங்காது. மிதிபட்டுப் புல் செத்த தடத்தில் காற்று மணலை வாரிக்கொண்டு போகும், அங்கே குன்றில் வாய் திறக்கும், அடுத்த புயலில் கடல் அதன் வழியாக உள்ளே வரும். எனவே பாதை மூடியிருக்கும்போது தடுப்பைத் தாண்டிக் குறுக்கே நடப்பவர்கள், தாங்கள் திறக்கக் காத்திருக்கும் அதே பாதையின் அடுத்த உடைப்புக்கு வழி வெட்டுகிறார்கள். இதை அறிவிப்புப் பலகைகள் ஒரு வரியில் விளக்கினாலே பலர் நின்றுவிடுவார்கள். ‘மீறினால் அபராதம்’ என்று மட்டும் எழுதுவது போதவில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: கட்டாமலே விடுவது. நியூசிலாந்தின் ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவில் 60 கிலோமீட்டர் கடலோரப் பாதை அவரோவா கழிமுகத்தைப் பாலம் இல்லாமலே கடக்கிறது. தாழ் ஓதத்துக்கு, அதாவது கடல் நீர் மிகவும் இறங்கி நிற்கும் நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, அதற்குப் பின் இரண்டு மணி நேரம் வரை மட்டும் நடந்து கடக்கலாம். ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் அன்றைய நடையைத் திட்டமிட வேண்டும். அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலும் கடலோர நடை பெரும்பாலும் கடற்கரை மணலிலும் பாறையிலும்தான். சுற்ற முடியாத முனைகளில் மட்டும் கயிறும் கட்டை ஏணியும் தொங்கும். உடைவதற்கு அங்கே அதிகம் இல்லை, அதனால் சரிசெய்யவும் அதிகம் இல்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முதியவருக்கும் இந்த வழி மூடியே இருக்கும். எனவே ஒரு பூங்காவில் எல்லாப் பாதைகளையும் இப்படி விட்டுவிட முடியாது. எளிதாக எட்டக்கூடிய ஒரு பகுதியையாவது எல்லோரும் போகும்படி கட்டித்தான் ஆக வேண்டும்.

உள்ளே தள்ளுவது என்று முடிவானாலும், உள்ளே இருப்பது வெற்றிடமல்ல. கடலோரத் தேசியப் பூங்காவின் உட்பகுதி என்றால் அரிய தாவரங்கள், ஈரநிலம், கூடு கட்டும் பறவைகள். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பைப்பிங் பிளவர் என்ற சின்னஞ்சிறு கரைப்பறவை வெறும் மணலில் முட்டையிடும். கனடாவில் அது அழியும் நிலையில் உள்ள பறவை. வசந்தத்திலிருந்து கோடையின் பெரும்பகுதி வரை அதன் கூட்டருகே எந்த வேலையும் கூடாது. வேலைக்கு வசதியான வானிலையும் அதே மாதங்கள்தான். புயல் நிலத்தைப் பெயர்க்கும்போது பழைய மனிதத் தடயங்களும் வெளியே வரும். ஆஸ்திரேலியாவின் ராயல் தேசியப் பூங்கா 1879இல் அமைந்தது என்பார்கள். அந்தக் கரையோரத்து சிப்பி மேடுகளும் பாறைச் செதுக்கல்களும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழ்ந்த தராவல் மக்களுடையவை. தலைமுறைகளாக உண்டு எறிந்த சிப்பிகள், அடுப்புக் கரி, எலும்பு எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும் அந்த மேட்டின் மேல் பாதை வெட்டினால் போனது போனதுதான். அந்த மக்களோடு கலந்து பேசி, தொல்லியலாளர் பார்த்து, பிறகுதான் மண்வெட்டி. இதை ஒரு சம்பிரதாயமாக நினைத்து அவசரப்படுத்துபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். வெஸ்ட் கோஸ்ட் டிரெயிலில் ஹூ-ஏ-அட், டிடிடாட், பாச்சீடாட் மக்களே காவலர்களாக இருந்து பாதையைப் பராமரிப்பதிலும் பங்கெடுக்கிறார்கள். எந்த ஓடை எப்போது பொங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகுதான் பொருள்கள் வருகின்றன. அதே ராயல் பூங்காவின் 26 கிலோமீட்டர் கடலோரப் பாதையில், சேறாகிக் கிடந்த புதர்நிலப் பகுதிகளைக் கடக்க, தரையிலிருந்து உயர்த்திய கண்ணாடி இழை வலைத்தளம் போட்டிருக்கிறார்கள். பலகையைவிட இது பார்க்க அழகு குறைவு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வலையின் கண்கள் வழியாக வெயிலும் மழையும் கீழே இறங்குகின்றன, அடியில் செடி வளர்கிறது. அலை எட்டும் இடங்களில் இன்னொரு நன்மையும் உண்டு. நெருக்கமாகப் பலகை அடித்த தளத்தை அலை கீழிருந்து மேலே தூக்கும், ஆணிகளோடு பிடுங்கும். ஓட்டை உள்ள தளத்தில் நீர் பீறிட்டு வெளியேறிவிடும். அப்புறம் உப்பு. சாதாரண இரும்பு போல்ட் கடற்காற்றில் சில ஆண்டுகளில் துருவாகிவிடும். செம்புக் கலவை ஏற்றிப் பதப்படுத்திய மரமாக இருந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். எனவே தடிமனாகத் துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். காங்கிரீட் குழிக்குப் பதிலாகத் திருகு போல நிலத்துக்குள் முறுக்கி இறக்கும் எஃகுக் கால்கள் பல இடங்களில் வந்துவிட்டன. மண்ணைத் தோண்ட வேண்டாம், வேண்டும்போது எதிர்த்திசையில் திருகி எடுத்து உள்ளே நகர்த்தலாம். நகரும் கரைக்கு நகர்த்தக்கூடிய பாதை என்பது எனக்குப் பிடித்த யோசனை.

இதையெல்லாம் கொண்டு சேர்ப்பது தனிப் பாடு. சாலை இல்லாத கரையில் படகில் இறக்கினால் அலை அடங்க வேண்டும். ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு இறக்கினால் காற்றும் மூட்டமும் விலக வேண்டும். அமெரிக்காவில் 1964 வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் நிலமாக இருந்தால் மோட்டார் கருவிகளுக்கே பொதுவாகத் தடை. ஒலிம்பிக் பூங்காவின் 95 சதவீத நிலம் அந்த வகை. வேறு வழியே இல்லை என்று காட்டினால்தான் விலக்கு. இல்லாவிட்டால் விழுந்த மரத்தை இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

மனசுக்குக் கடினமான முடிவுகள் வருவது பழைய கைவேலை உள்ள பாதைகளில். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து அகாடியா பூங்காவின் பாதைகளில், 1933 முதல் 1942 வரை வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் அடுக்கிய கருங்கல் படிகளும் தாங்குசுவர்களும் இன்றும் நிற்கின்றன. 2024 ஜனவரி 10, 13 தேதிகளில் அடுத்தடுத்து வந்த புயல்கள் அங்குள்ள ஓஷன் பாத் என்ற கடலோர நடைபாதையைப் பெயர்த்துப் போட்டன. இரண்டாவது புயலின்போது அதே மாநிலத்தின் போர்ட்லாண்ட் துறைமுகத்தில் கடல் மட்டம் 14.57 அடியைத் தொட்டது. 1978 பிப்ரவரியில் பதிவான 14.17 அடிதான் அதுவரை அங்கே உச்சம். கல்லை அதே முறையில், அதே அழகோடு அடுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்த இளைஞர்கள் கணக்கிட்ட கடல் மட்டம் இப்போது இல்லை. அவர்களின் கல்வேலையைக் கொஞ்சம் உயர்த்தியும் தள்ளியும் கட்டினால் வரலாற்றுக்குத் துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. அதே இடத்தில் வைத்து அலைக்குக் கொடுப்பதைவிட, அதே கற்களை எடுத்து நான்கடி உயரத்தில் அடுக்குவதே அந்த வேலைக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புயல் நிவாரணம் என்று வரும் நிதி பல இடங்களில் ‘இருந்தது போலத் திரும்பக் கட்ட’ மட்டுமே கிடைக்கும். இடம் மாற்றினால், தரம் உயர்த்தினால், கூடுதல் செலவுக்கு வேறு கணக்குத் தேட வேண்டும். தவறான இடத்தில் திரும்பக் கட்டச் சொல்லும் விதி இது. பராமரிப்புக்கோ அந்த நிதியில் இடமே இருக்காது. அகாடியாவில் 1999இல் ‘அகாடியாவின் நண்பர்கள்’ என்ற ஆதரவாளர் அமைப்பும் பூங்காவும் சேர்ந்து பாதைகளுக்கென்றே ஒரு நிரந்தர நிதியைத் தொடங்கியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. முதல் தொகையைத் தொடாமல் அதன் வருமானத்தில் வருடா வருடம் வடிகாலைத் தூர்வார, சரிந்த கல்லை எடுத்து வைக்க ஆள் இருக்கும்.

பாதை திறந்த பிறகும் வேலை முடிவதில்லை. புதிதாக நிரப்பிய மண் முதல் மழைக்காலத்தில் அமுங்கும். தாங்குசுவர்களின் பின்னால் நீர் எங்கே தேங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். அதனால் பொறுப்பான பூங்காக்கள் பகுதி பகுதியாகத் திறந்து, முதல் பருவத்தில் பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆள் அனுப்பி முழுத் தூரமும் நடந்து பார்க்கின்றன. சரளை இறங்கிய இடத்தில் நிரப்பி, தண்ணீர் தன் போக்கில் வழி எடுத்திருந்தால் அந்த வழியைக் குறித்துவைத்து, அங்கேயே வடிகாலை வெட்டிக் கொடுக்கிறார்கள்.